தொடக்க வகுப்புகளில் சிறுவர் கதைநூல்கள்: ஒரு மதிப்பீடு

தொடக்கப்பள்ளியில் சிறுவர் கதைநூல்களைக் கொண்டு பாடம் நடத்துவது ஆசிரியர் பயிற்சிகளில் தொடர்ந்து வலியுறுத்தப்படும் ஒரு முறை. ஒழுக்கம், கணக்கு, அறிவியல், மொழி ஆகிய எதையும் கதையின் வழியே குழந்தைக்குக் கொண்டுசேர்க்கலாம் என்பது இதன் அடிப்படைக் கருத்து. கருத்தில் பிழையில்லை. நடைமுறையில்தான் சிக்கல் இருக்கிறது. கதை முடிந்த மறுநொடியே "இக்கதையால் அறியப்படும் நீதி யாது?" என்று கேட்டு, ஒற்றை வரியில் விடை வாங்கி, கரும்பலகையில் எழுதிப்போட்டு, புத்தகத்தை மூடிவிடுகிறோம். குழந்தையும் விரைவில் இந்த முறைக்குப் பழகிவிடுகிறது. கதையைக் கேட்பதை விட்டுவிட்டு, கடைசியில் கேட்கப்படும் வரிக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொள்கிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூருக்கும் இராயக்கோட்டைக்கும் இடையே உள்ள உத்தனப்பள்ளி வட்டாரத்தில், வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் படிக்க வரும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய அனுபவத்திலிருந்து இக்கட்டுரை எழுதப்படுகிறது. கதைநூலை நாம் மூன்று விதமாகப் பயன்படுத்துகிறோம்: நீதி சொல்ல, பாடக்கருத்தை விளக்க, மொழி கற்பிக்க. இவற்றில் முதலாவதை அளவுக்கு மீறிச் செய்கிறோம். மூன்றாவதை ஏறத்தாழ மறந்தே விட்டோம் என்பது இக்கட்டுரையின் முடிவு.

கதை பாடமான வரலாறு

கதையைக் கொண்டு பாடம் நடத்துவது புதிய கண்டுபிடிப்பு அன்று. பஞ்சதந்திரத்தின் சட்டகமே ஒரு வகுப்பறைதான். படிப்பில் நாட்டமில்லாத மூன்று அரசகுமாரர்களை ஆறே மாதத்தில் அறிவுள்ளவர்களாக்குவதாக விஷ்ணுசர்மா என்ற முதியவர் அரசனிடம் வாக்களித்து, கதைகளாகவே சொல்லிக்கொண்டு போகிறார். தமிழ் உரைநடையில் தொடக்க காலத்தில் அச்சான கதைநூல்களும் வகுப்பறைக்காகவே வந்தவை. 1812இல் தொடங்கப்பட்ட சென்னைக் கல்விச் சங்கத்தில் தமிழாசிரியராக இருந்த தாண்டவராய முதலியார் 1826இல் பஞ்சதந்திரத்தைத் தமிழில் வெளியிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அதிகாரிகள் தமிழ் கற்பதற்கு அது பாடநூலாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பஞ்சதந்திரம் சொல்லும் 'நீதி' உலகியல் அறிவு. அரசியல் சூழ்ச்சியும் அதில் அடக்கம். அங்கே நரி நண்பர்களைப் பிரித்துவைக்கிறது. பலவீனமானவன் தந்திரத்தால் வெல்கிறான். நல்லவன் எப்போதும் பிழைப்பதில்லை. அந்த நீதியைத்தான் நாம் நமது வகுப்பறைகளில் 'நல்லொழுக்கம்' என்று சுருக்கிக்கொண்டோம். கதைக்கும் அதன்கீழ் எழுதப்படும் நீதிவரிக்கும் பல நேரங்களில் பொருத்தம் இல்லாமல் போவதற்கு இதுவே காரணம்.

இருபதாம் நூற்றாண்டில் அழ. வள்ளியப்பா, பெ. தூரன், வாண்டுமாமா போன்றோர் குழந்தையின் மகிழ்ச்சியை முன்னிறுத்தி எழுதினர். 1950இல் வள்ளியப்பாவின் முயற்சியால் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது. பள்ளிக்கு வெளியே குழந்தை இலக்கியம் இவ்வாறு வளர்ந்தது. பள்ளிக்குள் அது நுழைய நெடுங்காலம் பிடித்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதற்கும் விரிந்த செயல்வழிக் கற்றல், வகுப்பறையில் கயிறுகட்டிப் புத்தகங்களைத் தொங்கவிட்ட புத்தகப் பூங்கொத்து, 2022இல் வந்த எண்ணும் எழுத்தும், 2023இல் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிநிலைகளில் சிறுநூல்களைக் கொண்டுவந்த வாசிப்பு இயக்கம் ஆகியவை அரசுப் பள்ளிக் குழந்தையின் கைக்குக் கதைநூலைக் கொண்டுவந்தன. ஆகவே இன்று புத்தகம் இல்லை என்பது முதன்மைக் குறை அன்று. வந்த புத்தகத்தை என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

நீதி சொல்லும் கதை உண்மையில் நீதி கற்பிக்கிறதா?

பொய் சொன்ன ஆட்டிடையனை ஓநாய் வந்தபோது யாரும் காப்பாற்ற வரவில்லை என்ற கதையைச் சொன்னால் குழந்தை பொய் சொல்லாது என்று நம்புகிறோம். இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் காங் லீயும் அவருடைய குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, 3 முதல் 7 வயது வரையிலான 268 குழந்தைகளிடம் நடத்தப்பட்டது. ஒரு பொம்மையின் ஒலியைக் கேட்டு அது எது என்று ஊகிக்கும் விளையாட்டின் நடுவே, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போவார். திரும்பி வந்ததும் ஒரு கதையை வாசித்துவிட்டு, "திரும்பிப் பார்த்தாயா?" என்று கேட்பார். ஆட்டிடையன் கதையும், பொய் சொன்னால் மூக்கு நீளும் பினோக்கியோ கதையும் கேட்ட குழந்தைகள், பொய்யைப் பற்றியே பேசாத முயல் ஆமை கதை கேட்டவர்களைவிடக் கூடுதலாக உண்மை பேசவில்லை. செர்ரி மரத்தை வெட்டிய சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டன் உண்மையை ஒப்புக்கொண்டு தந்தையின் பாராட்டைப் பெறும் கதை மட்டுமே பயன் தந்தது. அந்தக் கதையின் முடிவைத் தண்டனையாக மாற்றிச் சொன்னபோது அந்தப் பயனும் மறைந்தது.

அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2017இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, பகிர்ந்துகொள்வதைப் பற்றிய ஒரே கதையை இரு வடிவங்களில் 4 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டியது. ஒன்றில் பாத்திரங்கள் விலங்குகள், மற்றொன்றில் மனிதர்கள். மனிதர் வந்த கதையைக் கேட்ட குழந்தைகளே தம் ஒட்டுப்படங்களை முன்பைவிட அதிகமாகப் பிறருக்குக் கொடுத்தனர்.

ஓரிரு ஆய்வுகளை வைத்து நரியையும் காக்கையையும் வகுப்பறையிலிருந்து விரட்டிவிட வேண்டியதில்லை. வேற்று நாட்டுக் குழந்தைகளிடம் கண்டது அப்படியே நம் குழந்தைகளுக்கும் பொருந்தும் என்றும் சொல்வதற்கில்லை. ஆயினும் நாம் கேள்வியே கேட்காமல் நம்பிவரும் ஒன்றை இவை அசைத்துப் பார்க்கின்றன. அச்சுறுத்தும் முடிவைக் கேட்டுக் குழந்தை அஞ்சுகிறது, அவ்வளவே. நீதிவரியை ஒப்பிக்கும் குழந்தை அந்த நீதியைக் கற்றுக்கொண்டது என்பதற்குச் சான்று இல்லை.

பாடக்கருத்தைச் சுமக்கும் கதை

இரண்டாவது பயன்பாடு, கதையைக் கொண்டு கணக்கையும் அறிவியலையும் விளக்குவது. எரிக் கார்ல் 1969இல் வெளியிட்ட பசித்த கம்பளிப்புழுவின் கதை உலகெங்கும் இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. புழு திங்களன்று ஓர் ஆப்பிள், செவ்வாயன்று இரண்டு பேரிக்காய் என்று நாளுக்கொன்று கூட்டித் தின்று, இறுதியில் பட்டாம்பூச்சியாகிறது. எண்கள், கிழமைகள், உருமாற்றம் என மூன்று பாடங்கள் அதில் உள்ளன. பட்டாம்பூச்சி இழைக்கூடு கட்டுவதில்லை, அந்துப்பூச்சி வகைகளே பெரும்பாலும் கட்டும் என்ற அறிவியல் குறையையும் அந்நூலில் பலர் சுட்டியுள்ளனர். கதையை ரசித்த பிறகு அந்தக் குறையையே ஒரு பாடமாக்கலாம். தோட்டத்து எருக்கஞ்செடியில் தொங்கும் கூட்டுப்புழுவைக் காட்டி, "புத்தகத்தில் இருப்பது போலவா இருக்கிறது?" என்று கேட்டால் போதும். புத்தகத்தையும் சரிபார்க்கலாம் என்று ஒரு குழந்தை அறிந்துகொள்வது பெரிய பாடம்.

நமக்கு அருகில் உள்ள எடுத்துக்காட்டு, ஜை விட்டேகர் எழுதி, சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிட்ட காளி என்ற இருளர் சிறுவனின் கதை. காளியின் தந்தை பாம்பு பிடிப்பவர். வகுப்பில் அவனுக்கு நண்பர்கள் இல்லை. ஒருநாள் வகுப்பறைக்குள் ஒரு சாரைப்பாம்பு புகுந்துவிட, எல்லோரும் அலறும்போது காளி மட்டும் அஞ்சாமல் அதைப் பிடிக்கிறான். தேன்கனிக்கோட்டை மலைப்பகுதிகளிலும் இருளர் மக்கள் வாழ்வதால் நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது தொலைதூரத்துக் கதை அன்று.

இதை நீதிக்கதையாக நடத்தினால் "யாரையும் இகழாதே" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். வகுப்பில் அப்படிப்பட்ட ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால், அந்த ஒரு வரியே எல்லார் கண்களையும் அதன்பக்கம் திருப்பிக் கூச வைத்துவிடும். கதையை அப்படியே விட்டுவிட்டால் அதே பிள்ளை வாய் திறந்து, தன் தாத்தா பாம்பு பிடித்த கதையைத் தானே சொல்லும். அன்று வகுப்பின் ஆசிரியர் அந்தப் பிள்ளைதான்.

கதையில் இல்லாத ஒரு பாடத்தை ஆசிரியர் கட்டாயம் சேர்க்க வேண்டிய இடமும் இதில் உண்டு. சாரை நஞ்சற்றது, எலிகளைத் தின்று உழவனுக்கு உதவுவது. ஆனால் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவையும் நம் வயல்களில் உள்ளன. காளியைப் போலச் செய்ய நினைத்து ஒரு பிள்ளை பாம்பின் வாலைப் பிடித்துவிடக் கூடாது. பாம்பைக் கண்டால் விலகி நின்று பெரியவர்களை அழைக்க வேண்டும். கடித்தால் மந்திரிக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நஞ்சுமுறிவு மருந்துக்கான நஞ்சை எடுத்துத் தரும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் சென்னைக்கு அருகே தொடங்கப்பட்டது என்பதைச் சொன்னால், காளியின் தந்தை செய்யும் தொழில் உயிர்காக்கும் தொழில் என்பது பிள்ளைகளுக்கு விளங்கும். இகழாதே என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

எல்லைப்புறத்து வகுப்பறையும் மொழியும்

மூன்றாவது பயன்பாடான மொழிதான் எங்கள் பகுதியில் உயிர்நாடி. இங்கே ஒரே வகுப்பில் யானைப் படத்தைக் காட்டினால் ஒரு பிள்ளை "ஏனுகு" என்னும். இன்னொன்று "ஆனெ" என்னும். பாம்பு ஒருத்திக்குப் பாமு, இன்னொருவனுக்கு ஹாவு. ஓசூரைச் சுற்றித் தொழிற்சாலைகள் பெருகியபின் இந்தியும் ஒடியாவும் பேசும் குடும்பங்களின் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டனர். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தின்படி தமிழ் எல்லாருக்கும் கட்டாயப் பாடம். ஆனால் சட்டம் மொழியைப் பாடமாக்குமே தவிர, அதை விரும்பவைக்காது. அந்த விருப்பத்தைத் தருவது கதைதான். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளும் ஆவலில் குழந்தை தெரியாத சொற்களையும் தாண்டிப் போகும்.

வீட்டுமொழி வேறாக இருக்கும் பிள்ளைக்கு நீதிக்கேள்வி இரட்டைச் சுமை. கதையைப் புரிந்திருந்தாலும் விடையைச் செந்தமிழில் சொல்லத் தெரியாததால் அது 'மக்கு' என்று பெயரெடுக்கும். கதையை முதலில் வீட்டுமொழியிலேயே திரும்பச் சொல்ல விட்டால், அதே பிள்ளை கைகாலை ஆட்டி நடித்தே காட்டிவிடும். பிறகு பாமு, ஹாவு, பாம்பு மூன்றையும் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் தமிழ் எழுத்திலேயே எழுதினால் இவை உறவுச் சொற்கள் என்பது குழந்தைக்கே தெரியும். தூலிகாவின் இருமொழி நூல்களும், 2004இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட பிரதம் புக்ஸ் தமிழ், தெலுங்கு, கன்னடம் எனப் பல மொழிகளில் வெளியிட்டு, 2015 முதல் ஸ்டோரிவீவர் தளத்தில் கட்டணமின்றித் தரும் கதைகளும் இதற்கு நல்ல துணை. ஒரே கதையை மூன்று மொழியிலும் படியெடுத்து வகுப்பில் வைக்கலாம். அரசு அனுப்பும் தமிழ் நூல்களில் இந்த எல்லைப்புறப் பிள்ளைகளை மனத்தில்கொண்டு ஆக்கப்பட்டவை போதிய அளவில் இல்லை என்பது என் மனக்குறை.

இடத்துக்கும் கதைக்கும் உள்ள தொலைவை உணர்த்திய ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். சானமாவு, ஊடேதுர்கம் காடுகளையொட்டிய எங்கள் ஊர்களில் ராகி அறுவடைக் காலத்தில் யானைக்கூட்டம் வரும். அப்பாக்கள் இரவெல்லாம் பரணில் காவல் இருப்பார்கள். ஒருமுறை யானைக் கதை ஒன்றை வாசித்து முடித்து, வழக்கம்போல நீதி கேட்டேன். "யானை நம் நண்பன்" என்ற விடையை எதிர்பார்த்தேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "எங்க ராகியத் தின்னுட்டுப் போச்சே, அந்த யானையும் நண்பனா சார்?" என்றான். நான் அவனை உட்காரச் சொல்லிவிட்டு, எனக்கு வேண்டிய விடையைச் சொன்ன பிள்ளைக்குக் கைதட்டச் சொன்னேன். கதையைப் பற்றி அன்று கேட்கப்பட்ட ஒரே உண்மையான கேள்வி அவனுடையது. காடு ஏன் குறைகிறது, யானையின் வழித்தடம் எது, பயிரிழந்தவருக்கு இழப்பீடு யார் தருவது என்று ஒரு வாரத்துக்கான பாடம் அந்தக் கேள்விக்குள் இருந்தது. அதை நானே அடைத்துவிட்டேன். இன்றும் அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

சொல்லியே ஆகவேண்டிய பாடங்கள்

பாடம் சொல்லவே கூடாது என்பதா? அப்படியன்று. சில செய்திகளைக் குழந்தைக்குத் தெளிவாகச் சொல்லியே ஆகவேண்டும். யெஸ். பாலபாரதி எழுதிய 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' சிறார் மீதான பாலியல் சீண்டலைப் பற்றியது. 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமியின் பால சாகித்திய புரஸ்கார் விருதைப் பெற்ற நூல். பேசும் மரப்பாச்சிப் பொம்மை ஒன்றைத் தோழியாக்கி, பெரியவர்களே பேசத் தயங்கும் ஒன்றைப் பேசுகிறது. இங்கே பாடம் கதையின் வெளியே தொங்கவில்லை. கதையின் உள்ளேயே இருக்கிறது. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை வாசித்துக் காட்டலாம். ஆனால் வாசித்துவிட்டு எழுந்துபோய்விடக் கூடாது. கேட்ட பிள்ளைகளில் ஒன்று தனியே வந்து எதையாவது சொல்லக்கூடும். அதைக் கேட்க ஆசிரியருக்கு நேரமும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் நினைவில் இருக்க வேண்டும். இத்தகைய நூலின் முடிவில் நீதி கேட்பது வீண் வேலை. குழந்தை பேசுவதற்கு இடம் கொடுப்பதே வேலை.

பூட்டிய பீரோ

கதைநூல் பயன்படாமல் போவதற்கு நீதிக்கேள்வியைவிட எளிய காரணம் ஒன்றும் உண்டு. அது பீரோவின் பூட்டு. புத்தகங்கள் இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டால் ஆசிரியர் அவற்றுக்குப் பொறுப்பாளி. கிழிந்தாலும் தொலைந்தாலும் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டும். நான் வேலைபார்த்த ஒரு பள்ளியில் பளபளப்பான நூறு புத்தகங்கள் ஆண்டு முழுதும் புதிதாகவே இருந்தன. சாவி என்னிடம்தான் இருந்தது. அழுக்கேறி, ஓரம் மடங்கி, அட்டை கிழிந்த புத்தகமே படிக்கப்பட்ட புத்தகம் என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. படிப்பதால் தேயும் புத்தகத்துக்கு ஆசிரியர் பொறுப்பல்ல என்று தெளிவான ஆணை இருந்தால் பல பூட்டுகள் திறக்கும்.

குஜராத்தின் கிஜுபாய் பதேகா 1930களின் தொடக்கத்தில் எழுதிய 'பகல் கனவு' நூலைக் கல்வியியல் மாணவர்கள் அறிவார்கள். நேஷனல் புக் டிரஸ்ட் அதைத் தமிழிலும் வெளியிட்டுள்ளது. அதில் வரும் ஆசிரியர் அடங்காத நான்காம் வகுப்பைப் பாடத்தால் அல்ல, கதையால் வசப்படுத்துகிறார். வகுப்பிலேயே ஒரு நூலகத்தையும் அமைக்கிறார். மேலதிகாரி பாடத்திட்டம் எங்கே என்று கேட்கத்தான் செய்கிறார். தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் அதே கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஆசிரிய மாணவர்களுக்கு

அமெரிக்க அறிஞர் லூயிஸ் ரோசன்பிளாட் 1978இல் வெளியிட்ட நூலில் வாசிப்பை இரண்டாகப் பிரித்தார். மருந்துப் புட்டியின் குறிப்பைப் படிப்பதுபோல, செய்தியை எடுத்துக்கொண்டு போவதற்கான வாசிப்பு ஒன்று. வாசிக்கும் பொழுதிலேயே அதனுள் வாழும் வாசிப்பு மற்றொன்று. கதைநூலை முதல் வகையாக மட்டுமே நடத்தினால் அது இன்னொரு பாடநூலாகிவிடும். எனவே வரிசை முக்கியம். நடைமுறையில் பலன் தந்த வரிசை இது:

முதல் நாள் ஆசிரியர் படங்களைக் காட்டி உரக்க வாசிக்கட்டும். கேள்வி எதுவும் வேண்டாம். இரண்டாம் நாள் பிள்ளைகள் தத்தம் மொழியில் கதையைத் திரும்பச் சொல்லட்டும், நடிக்கட்டும். மூன்றாம் நாள் பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். ஆசிரியர் அவற்றைப் பலகையில் எழுதட்டும். நான்காம் நாள் அந்தக் கேள்விகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கணக்குக்கோ அறிவியலுக்கோ மொழிக்கோ போகலாம். ஐந்தாம் நாள் புத்தகம் பிள்ளைகளின் கையில் இருக்கட்டும். இதற்கு நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் போதும். ஐந்து வகுப்புகளையும் இருவர் சமாளிக்கும் ஈராசிரியர் பள்ளியில், எல்லா வகுப்பும் ஒன்றாக உட்கார்ந்து கேட்கக்கூடிய பாடம் கதை ஒன்றுதான் என்பதால் அங்கே இது இன்னும் எளிது.

கேள்வி கேட்காமல் இருக்க முடியாது என்போருக்கு நம்மிடமே ஒரு முன்மாதிரி உண்டு. விக்கிரமாதித்தன் தோளில் தொங்கும் வேதாளமும் கதை முடிவில் கேள்விதான் கேட்கிறது. ஆனால் அதன் கேள்விக்குக் கதையில் ஆயத்தமான விடை இருப்பதில்லை. யார் செய்தது சரி, யாருடைய தியாகம் பெரிது என்று கேட்டு, கேட்பவனைத் தானே எடைபோட வைக்கிறது. விடை வந்ததும் வேதாளம் மீண்டும் மரமேறிவிடுகிறது; அடுத்த கதை தொடங்குகிறது. வகுப்பறையில் நாம் கேட்க வேண்டியது அத்தகைய கேள்வி. காளி பாம்பைப் பிடிக்கத் தெரியாதவனாக இருந்திருந்தால் வகுப்பு அவனோடு சேர்ந்திருக்குமா? அந்தக் கதையின் குறைபாட்டையே தொடும் கேள்வி அது. பிள்ளைகள் அதற்குச் சொல்லும் விடைகள் ஒன்றுக்கொன்று மாறுபடும். மாறுபடட்டும்.

கதைநூல் நல்ல பாடக்கருவி என்பதில் ஐயமில்லை. அதைப் பாடக்கருவி என்று குழந்தை உணராதவரைதான் அது நன்றாக வேலை செய்யும். வகுப்பு முடிந்து மணியடித்த பிறகும், "சார், இன்னொரு தடவை படிங்க" என்று ஒரு பிள்ளை கேட்டால், அன்றைய பாடம் நடந்துவிட்டது என்று கொள்ளலாம்.